நடுக்கடலில் பவர்கட்

கண் விழித்த குழந்தைராஜுக்குக் கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்றே தெரியவில்லை. அத்தனை இருட்டு. மணி என்னவோ சாயங்காலம் நாலுதான்.

கப்பலில் அவர்களுக்குக் கிடைத்தது ஜன்னல் இல்லாத அறை. சிங்கப்பூரில் இருக்கும் மகள் பிரின்ஸி, அப்பா அம்மாவின் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கென்று சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டிருந்தாள். மத்தியானம் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டுப் படுத்தவர் இப்போதுதான் எழுந்தார்.

"விண்ணரசி, கரண்ட் போயிடுச்சு."

"ஆமாங்க, இப்பத்தான்" என்றாள் மனைவி எதிர்க் கட்டிலிலிருந்து. "பக்கத்து ரூம்ல இருக்கான்னு பாருங்க."

பூதலூர் வீட்டில் கரண்ட் போனாலும் அவள் முதலில் சொல்வது இதைத்தான். தட்டுத் தடுமாறிப் போய்க் கதவைத் திறந்தார். வெளியே நடைவழி முழுக்கக் கல்யாண வீடு மாதிரி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையை எடுத்ததும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"நமக்கு மட்டும்தான் போயிருக்கு."

"நீங்கதான் இருக்கீங்களே, என்னான்னு பாருங்க."

அது போதாதா? குழந்தைராஜ் மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் கம்பம் ஏறி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

கட்டில் தலைமாட்டில் நாலு சுவிட்ச். கண்ணாடி பக்கத்தில் மூன்று. எதற்கும் அசைவில்லை. பாத்ரூம் சுவரைத் தடவியபோது பெரிதாக ஒரு பொத்தான் அகப்பட்டது. நம்பிக்கையோடு அழுத்தினார். டாய்லெட்டில் தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கியது.

"என்னங்க, வந்துருச்சா?"

"வரும், வரும். நியூட்ரல் ஒயர் கட் ஆயிருக்கும்."

செல்போனில் டார்ச்சைத் தட்டினார். சார்ஜ் இல்லாமல் அதுவும் கண்ணை மூடிக்கொண்டது. "உன் போன் எங்க?"

"பெட்டியில அடியில கெடக்கு. இருட்டுல எங்க தேடுறது?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பூதலூர் வட்டாரத்துக்கே வெளிச்சம் போட்டவன், பத்துக்குப் பத்து அறையில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறான்!

கப்பல் ஆட்களிடம் சொல்லிவிடலாம் என்று அவர் டெலிபோனைத் துழாவுவதற்குள், விண்ணரசி ரிசீவரை எடுத்துவிட்டாள். அந்த இருட்டிலும் தடுமாறாமல் மூன்று எண்களைத் தட்டி, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தாள்.

"அரை மணி நேரத்துல ஆள் வருமாம்."

"மாதாவே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சர்வீஸ் முழுக்க, போன் செய்தவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில் இதே அரை மணி நேரம்தான். அதில் எத்தனை அரை மணிகள் மறுநாள்வரை நீண்டன என்பது அவருக்கே வெளிச்சம்.

விண்ணரசி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு முறுக்கை உடைத்து அவர் கையில் வைத்தாள்.

"ஒண்ணு சொல்லவா? கல்யாணம் ஆனதுலேருந்து, கரண்ட் போன நேரத்துல நீங்க என் பக்கத்துல இருந்ததே இல்ல."

முறுக்கு கடிபடாமல் நின்றது.

"பிரின்ஸி பொறந்தப்ப நீங்க கம்பத்து மேல. கஜா புயல்ல நம்ம வீட்டு ஓடு பறந்தப்ப இருபத்தேழு நாள் மன்னார்குடிப் பக்கம். கரண்ட் போச்சுன்னா ஊர்ல எல்லாருக்கும் வெளிச்சம் மட்டுந்தான் போவும். எனக்கு ஆளும் சேந்து போயிடும்."

வேடிக்கையாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.

"திங்கக்கிழமை ராமநாதபுரம் போறேங்கிறீங்க. சோலார் கம்பெனியில சூப்பர்வைசரு, மாசத்துக்கு ரெண்டு நாள் லீவுன்னு. ரிட்டையர் ஆனா வீட்ல இருப்பீங்கன்னு நானும் நாளை எண்ணிக்கிட்டுக் கெடந்தேன்." அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "போவாதீங்க."

வெளிச்சத்தில் அவள் இப்படிக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் டிவியைப் பார்த்தபடியே "ம்" கொட்டியிருப்பார். இப்போது பார்க்க வேறு எதுவும் இல்லை. முகம் தெரியாத இருட்டில் வீராப்புக்கும் வேலை இல்லை.

"வேலை இல்லாம உக்காந்துட்டா என்னைய எவன் மதிப்பான்னு நெனச்சேன், விண்ணரசி. பாரு, ஒரு லைட்டு போடத் துப்பில்ல. இந்த லட்சணத்துல சூப்பர்வைசர்!" அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "போவல. நாளைக்கே போன் பண்ணிச் சொல்லிடுறேன்."

அவள் பிடித்த கையை விடவில்லை. வெகு நேரம் கழித்துக் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

வந்தவர் ஜெரால்ட். அந்த வரிசை அறைகளைப் பார்த்துக்கொள்பவர். காதோரம் நரைத்த தரங்கம்பாடிக்காரர். குழந்தைராஜ் கதவைத் திறந்து பிடித்தபடியே ஆரம்பித்தார்.

"தம்பி, நானும் இந்த லைன்ல இருந்தவன்தான். இது நியூட்ரல் கட்..."

ஜெரால்ட் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கதவோரம் சுவரில் இருந்த மெல்லிய பிளவைக் காட்டினார். "சார், ரூம் கார்டு இதுல சொருகியிருந்தாத்தான் லைட்டு எரியும். எடுத்துட்டா அணைஞ்சிரும்."

காலையில் அறைக்கு வந்ததும் ஜெரால்ட் அதில் விண்ணரசியின் கார்டைச் சொருகியதைக் குழந்தைராஜும் பார்த்திருந்தார். பாவம், மனுஷன் டூட்டிக்கு வந்ததற்கு அட்டெண்டன்ஸ் வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

முப்பத்துநாலு வருஷ சர்வீஸும் அந்தப் பிளவுக்குள் விழுந்துவிட்டது போல இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "சரி தம்பி, இதுல இருந்த கார்டு எங்க போச்சு?"

ஜெரால்ட் தன் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தார். குழந்தைராஜின் தோளுக்கு மேலாக எட்டி, உள்ளே பார்த்துக் கேட்டார்.

"பேசி முடிச்சிட்டீங்களாம்மா, போட்டுடவா?"