குட், குட்டர், குட்டஸ்ட்

பதினேழு தாளிலும் ஒரே தப்பு. 'குட்' என்பதற்கு அடுத்து 'பெட்டர்' என்று எழுதாமல், ஆறாம் வகுப்பு மொத்தமும் 'குட்டர்' என்று எழுதியிருந்தது. 'பேட்' என்பதற்கு 'பேடர்', 'பேடஸ்ட்'.

"மூணு வாரமா இதே கூத்து," என்று தலைமை ஆசிரியை தாள்களைப் புரட்டினார். "காப்பி அடிச்சிருக்குங்க."

"ஒருத்தருக்குமே தெரியாதத யாரப் பாத்து மேடம் காப்பி அடிக்கும்?" என்றார் ஆங்கில டீச்சர்.

தலைமை ஆசிரியையின் குரல் தணிந்தது. "உங்களக் குறை சொல்லல டீச்சர். பொண்ணப் பறிகொடுத்துட்டு ரெண்டே மாசத்துல வந்து நிக்கிறீங்க. மனசு இங்க இல்லேன்னா பாடம் எப்படி ஏறும்? இன்னிக்கு இன்னொரு டெஸ்ட் வைங்க. இதுலயும் இப்படித்தான்னா, வேற டீச்சரப் போட்டுடுறேன். நீங்க கொஞ்ச நாள் வீட்ல இருங்க."

தனியாக இருக்கும் வீடு என்றதும் டீச்சரின் விரல்கள் பைக்குள் சாவியை இறுக்கிக்கொண்டன.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், நாலு மணிக்குப் பள்ளி விட்டதும், பஸ் நிறுத்தத்தில் அந்தச் சாவியைப் புரட்டிக்கொண்டே மூன்று பஸ்களைப் போகவிட்டவர் அவர். கடந்துபோன பிள்ளைகள் "பை மிஸ்" சொன்னதுகூடக் காதில் விழவில்லை. பிறகு முதல் டெஸ்டில் எல்லாரும் ஃபெயிலானதால் ஆறு மணிவரை ஸ்பெஷல் கிளாஸ் வந்தது. அந்த இரண்டு மணி நேரம்தான் அவர் மனிதராக இருந்த நேரம். இப்போது அதுவும் போகப் போகிறது.

அன்று மாலை தாள்களைக் கொடுத்தார். பின்பெஞ்சில் இரண்டு பெண்கள் ரப்பருக்குச் சண்டை.

"என்னோடது உன்னோடத விட பெட்டர்டி!"

"போடி, அதான் வொர்ஸ்ட். பேப்பரே கிழியுது!"

"சத்தம் போடாம எழுதுங்க," என்றார் டீச்சர். பேச்சு காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

அரை மணியில் தாள்கள் வந்தன. குட்டர். குட்டர். குட்டர். பதினேழாவது தாளை அவர் முழுதாகப் பார்க்கவில்லை.

'கடவுளே, பிள்ளையை எடுத்துக்கிட்டே. சொல்லிக்கொடுக்கிற வாயையாவது விட்டுவைச்சிருக்கக் கூடாதா?'

எழுந்து நின்றார். "நாளையிலேர்ந்து உங்களுக்கு வேற மிஸ் வருவாங்க. உங்க மேல தப்பே இல்லடா கண்ணுங்களா. எனக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியாமப் போச்சு."

"உன்னோட ஐடியாதானே, நீயே சொல்லித் தொலை," என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

எல்லாரும் 'வாலு' என்று கூப்பிடும் சின்னப் பெண் எழுந்து வந்தாள். சாக்பீஸை எடுத்தாள். எட்டாத பலகையில் எம்பி எம்பி எழுதினாள். குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். லிட்டில், லெஸ், லீஸ்ட். ஓர் எழுத்து பிசகவில்லை.

டீச்சர் பலகையிலிருந்து வகுப்பின் பக்கம் திரும்பினார். "எல்லாருக்கும் தெரியுமா?"

பதினேழு தலைகள் அசைந்தன.

"தெரிஞ்சுக்கிட்டே தப்பா எழுதினீங்களா? நான் ராத்திரியெல்லாம் தூங்காமக் கிடந்தேனேடி. ஏன் இப்படிப் பண்ணீங்க?"

வாலு சாக்பீஸ் விரல்களைப் பாவாடையில் துடைத்தாள். நிமிரவில்லை.

"பாஸாயிட்டா, நாலு மணிக்கே நீங்க அந்தப் பூட்டின வீட்டுக்குப் போகணுமே மிஸ்."