தீனி நாள்

"நீ தள்ளி நில்லு ரொனெல்டா, அவனுக்கு உன்னைப் பிடிக்கல. நான் பாத்துக்கறேன்" என்றான் எல்ராய்.

ரொனெல்டாவுக்கு வயிறு எரிந்தது. 'அவன்' என்றது டோஃபியை. டோஃபி ஒரு மலைப்பாம்பு. ஆட்டை விழுங்குகிற ஜாதி இல்லை. மூன்றரை அடி நீளம், பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்கிற சாது. பென்சில் கனத்தில் வந்ததை ஆறு வருடம் வளர்த்து ஆளாக்கியவள் அவள். வேலை விட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, அன்றைக்கு சூப்பர்வைசர் என்ன கத்தினாள் என்பதுவரை அதனிடம் ஒப்பித்தால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

எல்ராய் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தது ஈஸ்டருக்குப் பிறகுதான். நாலே மாதத்தில் டோஃபி கட்சி மாறிவிட்டது!

பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிறு அதற்கு எலி கொடுக்கும் நாள். அன்றைக்குப் பாம்பு கொஞ்சம் முறுக்காகத்தான் இருக்கும். அதெல்லாம் ரொனெல்டாவுக்குத் தெரியாததா? சோப்பு போட்டு இரண்டு முறை கை கழுவுவாள். வளைந்த கம்பியால் அதன் முதுகை மெல்லத் தட்டி, 'வருவது கைதான், எலி இல்லை' என்று தெரிவித்துவிட்டுத்தான் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கையை விடுவாள். ஆறு வருடம் ஒரு கீறல் கிடையாது. இப்போதோ ஒவ்வொரு தீனி நாளும் பாய்ந்து வந்து மணிக்கட்டைக் கவ்வுகிறது. அதே பாம்பு எல்ராய் கையை விட்டால் மட்டும் தேமே என்று கிடக்கிறது.

"புருஷனை இன்னொருத்திகிட்ட பறிகொடுத்தவளுங்களை இந்த எல்டொராடோ பார்க் ஏரியா முழுக்கப் பாத்திருக்கேன். பாம்பைப் புருஷன்கிட்ட பறிகொடுத்தவ நீ ஒருத்திதான்டி" என்றார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி பெவர்லி, கீமா வைத்துப் பொரித்த வெட்கூக் ரொட்டியைக் கடித்தபடி. அவருடைய பூனை வெளியே சமையலறைக் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. எலி நாள் என்றால் அதற்கும் மோப்பம் தெரிந்துவிடும்.

"சிரிக்காதீங்க ஆன்ட்டி. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"சிரிக்கல. பாம்பை வாங்கிட்டுப் போக என் தங்கச்சி மகன் நாலு மணிக்கு ரூட்போர்ட்லேருந்து வண்டி எடுத்துட்டு வர்றேங்கறான். குடுக்கறியா, இல்லையா? முடிவாச் சொல்லு."

"இன்னிக்கும் கடிச்சா குடுத்துடறேன். கடிக்கலைன்னா டோஃபி இங்கதான் இருப்பான்" என்றாள்.

"ஐயோ, வீம்பு பிடிக்காதே" என்று எல்ராய் சமையலறையிலிருந்து வந்தான். ஃப்ரீஸரில் உறைந்த எலியை வெந்நீரில் போட்டு இளக்குவது, ஈரம் துடைப்பது, நீள இடுக்கியில் பிடித்துக் கொடுப்பது எல்லாம் கல்யாணம் ஆனதிலிருந்து அவன் பொறுப்பு. எலி வாடை அவள் மேல் படவே கூடாதாம். "நம்ம ஊரு ஆகஸ்ட் குளிர்ல அரைக்கைச் சட்டையோட நிக்கறே பாரு" என்று அவளுடைய நீலக் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, மணிக்கட்டுவரை இழுத்தும் விட்டான்.

"இப்படி ஒரு புருஷன் எனக்கு வாய்ச்சிருந்தா நான் பத்து பாம்பைத் தானம் பண்ணியிருப்பேன்" என்று ஆன்ட்டி பெருமூச்சு விட்டார்.

ரொனெல்டா மூடியைத் திறந்தாள். கம்பியால் தட்டினாள். "டோஃபி, நான்தான்டா. மானத்தை வாங்காதே" என்று கெஞ்சிக்கொண்டே கையை நீட்டினாள்.

சடாரென்று பாய்ந்தது. அதே மணிக்கட்டு.

எல்ராய் பதறி வந்து பாம்பை விடுவித்தான். பஞ்சு வைத்துக் கட்டினான். பிறகு அவனே கையை விட்டுக் கிண்ணத்தை எடுத்தான். டோஃபி அசையவில்லை. இடுக்கியில் எலியை நீட்டியதும் சமர்த்தாக வாங்கிக்கொண்டது.

"என்கிட்ட இல்லாதது இவன்கிட்ட என்னடா இருக்கு?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டாள் ரொனெல்டா. அந்த நிமிடம் கட்டின புருஷனைக் கண்ணெடுத்துப் பார்க்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "சரி ஆன்ட்டி. உங்க தங்கச்சி மகனை வரச் சொல்லுங்க."

ஆன்ட்டி போன் பேச சமையலறை வழியாக வெளியே போனார். திறந்த கதவு வழியே பூனை உள்ளே நுழைந்து நேராக ரொனெல்டாவின் மடியில் ஏறியது.

"நீயாவது என்னைத் தேடி வந்தியே" என்று அழுதுகொண்டே அதைத் தடவினாள்.

பூனை அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. சட்டைக் கையின் நுனியை நக்கியது. மறு கையையும் முகர்ந்து நக்கியது. பிறகு கம்பளியைக் கவ்விச் சவைக்கவே தொடங்கிவிட்டது.

ரொனெல்டா அழுகையை நிறுத்தினாள். நுனியைப் பிடித்துப் பார்த்தாள். லேசாக ஈரம். மூக்கருகே கொண்டுபோனாள். ஆறு வருடப் பழக்கமான வாடை.

"எல்ராய்..." என்றாள் நிதானமாக. "நான் எலியைத் தொடவே இல்லையே. இந்தச் சட்டையில எப்படி எலி வாடை வந்துச்சு?"

இடுக்கியோடு நின்றிருந்த எல்ராய் தலை குனிந்துகொண்டான்.

"வேலை விட்டு வந்ததும் ஒரு நாளாவது முதல்ல என்கிட்ட வந்திருக்கியா, ரொனெல்டா?" என்றான்.