பத்து டீ

கட்சியின் மாவட்டக் குழுக் கூட்டத்தில் பதினோரு பேர் உட்கார்ந்திருக்க, பத்து டீதான் வந்தது.

"செயலாளர் பத்துதான் சொன்னாரு தோழர்" என்றார் டீக்கடைக்காரர்.

அடுத்த விவாதம் குழுவில் ஒருவரை நீக்கும் ஒழுங்கு நடவடிக்கை. யார் மீது என்று யாருக்கும் சொல்லவில்லை. வேதரத்தினம் டீக்கடைக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாநாட்டில் தோற்ற அணிக்குக் கை தூக்கியவர் அவர். தன் முன்னால் தம்ளரை வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

பக்கத்தில் சூசைமாணிக்கத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை. மறியலிலும் லாக்கப்பிலும் இருபது வருஷமாக ஒரே டீயைப் பாதிப் பாதியாகக் குடித்தவர்கள் இருவரும்.

"வழக்கம்போல பாதி குடுங்க தோழர்" என்று சிரித்தபடி சூசைமாணிக்கம் கையை நீட்டினார்.

செயலாளர் நிமிர்ந்து பார்த்தார்.

வேதரத்தினம் கொதிக்கக் கொதிக்க முழு டீயையும் ஒரே மடக்கில் குடித்தார்.