பச்சைப் புள்ளி

தம்பி செல்வின் சிறையிலிருந்து வந்தது முதல், எஸ்தரின் கைப்பேசி அனுமதித்தால்தான் வீட்டு வாசற்கதவு அவனுக்குத் திறக்கும். அவன் விடுதலைக்குப் பொறுப்பாளராகக் கையெழுத்திட்டவள் அவள்தான். அவன் கையால் செத்தவனின் அண்ணன்கள் அதே தூத்துக்குடியில் இருந்தார்கள். அந்தப் பயத்தில், அவன் வெளியே போகக் கேட்டபோதெல்லாம் மறுத்தே வந்தாள்.

"அக்கா, கடற்கரை வரைக்கும் போயிட்டு வரட்டா?"

"நாளைக்குப் பாப்பம்ல."

"ஜெயில்லகூட சாயங்காலம் முத்தத்துல நடக்க விடுவாங்க" என்று சிரித்தான் செல்வின்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த எஸ்தரின் கை நின்றது. இடக்கையால் கைப்பேசியில் ‘அனுமதி’யைத் தொட்டாள். கதவு திறந்ததும் அவன் செருப்பைக்கூட மாட்டாமல், தன் கைப்பேசியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

திரையில் அவன் பச்சைப் புள்ளியாக நகர்ந்தான். பார்க்கக் கூடாது என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளே எடுத்துப் பார்த்தாள். மீன் சந்தை முனையில் புள்ளி அசையாமல் நின்றது. உடனே அவனை அழைத்தாள்.

"ஏம்ல அங்கனயே நிக்க? யாரும் வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரலக்கா. காத்து நல்லாருந்துச்சு, நின்னேன்." அவன் குரல் தணிந்தது. "நிக்கக் கூடாதா? தெரியாமப் போச்சு."

அவள் பதில் சொல்வதற்குள் புள்ளி வேகமாக வீட்டை நோக்கித் திரும்பியிருந்தது.