பேக்கரி பொன்னுத்தங்கத்தின் புகார்

"சாரு, உங்க காலுல விழுதேன். வேற எங்கன வேணாலும் எறக்கி விடுங்க. இந்தத் திருத்தங்கல்ல மட்டும் விட்டுறாதீக!"

வேன் கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வள்ளித்தாய் கதறினாள். பதின்மூன்று வயது. மதுரை பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குப் பஸ் ஏறித் தண்ணீர் பாக்கெட் விற்றே தொண்டை கட்டிப்போனவள். அழுகைகூடக் கட்டைக் குரலில்தான் வந்தது.

சீனிச்சாமிக்கு உள்ளம் குளிர்ந்தது. பயப்படுகிற ஊரில்தானே கொண்டுவந்து விட வேண்டும்! "செல்லப்பாண்டி, எல்லாப் பிள்ளைகளையும் இங்கனயே எறக்கு" என்று டிரைவருக்கு உத்தரவு போட்டுவிட்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

மதுரையை அழகாக வைத்திருக்கிற ஆபீஸ் ஒன்றில் அவர் ஒரு நடுத்தர அதிகாரி. வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் புதுக் கட்டணக் கழிப்பறையைத் திறக்க மந்திரி வருகிறார். அன்றைக்கு ஒரே ஒரு தெருப்பிள்ளை கண்ணில் பட்டாலும் சீனிச்சாமியின் பிரமோஷன் அவ்வளவுதான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் தெருவில் இல்லாமல் செய்ய, அவர்களுக்குத் தங்க இடம் கொடுக்கலாம், பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். அதெல்லாம் வருஷக்கணக்கில் இழுக்கிற வேலை. வேனுக்கு டீசல் போட்டால் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடுகிறது.

பட்டாசு ஊரான திருத்தங்கல் என்ற யோசனை மட்டும் அவருடையது இல்லை, பேக்கரி பொன்னுத்தங்கத்துடையது. 'தெருப்பிள்ளைகள் தொல்லையா? உடனே அழையுங்கள்' என்று தன் செல் நம்பரைப் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதி வைத்திருந்தார் சீனிச்சாமி. இதுவரை அழைத்த ஒரே குடிமகள் அந்த அம்மாள்தான். முகம் பார்த்ததில்லை, ஆனால் என்ன அதட்டல், என்ன பொறுப்பு!

"இந்தப் பிள்ளைக தொல்லையில யாவாரமே பாக்க முடியல சார். வரி கட்டுத எங்களுக்கு ஒரு நாயம் வேணாமா? பக்கத்துல விட்டா திரும்பி வந்துருங்க. திருத்தங்கல்ல கொண்டுபோயித் தள்ளுங்க. வெடிமருந்து நெடிக்கே மெரண்டு கெடக்குங்க" என்றிருந்தாள்.

எவ்வளவு சரியாகச் சொன்னாள் என்று இப்போது கண்ணாலேயே பார்த்தாகிவிட்டது.

பிள்ளைகள் ஆளுக்கொரு காலிச் சாக்கோடு இறங்கின. "என்னலே இது?" என்றார் சீனிச்சாமி.

"படுக்கை சார்" என்றான் பாண்டிராஜ் என்ற பையன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

எல்லாரிலும் சின்னவள் வேல்விழி மட்டும் அழவில்லை. வரிசையாக இருந்த பட்டாசுக் கடைகளை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வள்ளித்தாய் இழுத்து இடுப்போடு அணைத்த பிறகுதான் அவளும் 'ஓ'வென்று அழுதாள். என்ன பாசம் என்று சீனிச்சாமி நினைத்துக்கொண்டார்.

வேன் திரும்பியது. செல்லப்பாண்டிக்கு மனசு கேட்கவில்லை. "பாவம் சார், இந்த வெயில்ல எங்கன போகும்?"

"இதுகளுக்கு என்னய்யா, எங்கன போட்டாலும் மொளைச்சுக்கிரும். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

வெள்ளிக்கிழமை மந்திரி கழிப்பறைக்கு ரிப்பன் வெட்டினார். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, ஒரு பிள்ளையக்கூடக் காணோமே!" என்று வியந்தார். மேலதிகாரி சீனிச்சாமியின் முதுகில் தட்டிக் கொடுத்தார். மந்திரிக்குப் போர்த்தியது போக மிச்சமிருந்த பொன்னாடை ஒன்று சீனிச்சாமியின் தோளிலும் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி நெருக்கத்தில், பொன்னுத்தங்கத்துக்கு நேரில் நன்றி சொல்ல ஸ்வீட் டப்பாவோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அங்கே இருந்தது ஒரே பேக்கரி. கல்லாவில் ஒரு மீசைக்காரர் இருந்தார்.

"பொன்னுத்தங்கமா? அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்றார் அவர்.

சீனிச்சாமி குழம்பி நிற்கும்போதே வெளியே ஒரு கூச்சல் கேட்டது. "திருத்தங்கல் சரக்கு! கம்பெனி வெல! அமுங்குன பெட்டி, அமுங்காத வெடி! வாங்க, வாங்க!"

அவருடைய செல் நம்பர் எழுதிய சுவருக்கு நேர் கீழே சாக்குகள் விரிந்திருந்தன. அவற்றின்மேல் கம்பி மத்தாப்பும் சங்குசக்கரமும் குவிந்து கிடந்தன. பாண்டிராஜ் கூவக் கூவ, வேல்விழி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுற்றி ஒரே கூட்டம்.

மேலதிகாரி இந்தப் பக்கம் வந்தால் பிரமோஷன் என்னாவது! சீனிச்சாமி பாய்ந்து போய்ப் பாண்டிராஜின் தோளைப் பிடித்தார்.

"ஏலே, எப்படிலே வந்தீக?"

"பட்டாசு லோடு லாரியில சார்" என்றான் அவன் மரியாதையாக. "வாரதுக்கு லாரிக்காரக ஏத்திக்கிருதாக. போறதுக்குத்தேன் யாரும் ஏத்த மாட்டேங்காக."

"எங்கலே அந்தப் பெரிய பிள்ளை? அதான், அன்னைக்கு அம்புட்டு அழுதாளே?"

பாண்டிராஜ் மோவாயால் டீக்கடைப் பக்கம் காட்டினான். அங்கே ஒரு செங்கல்மேல் ஏறி நின்றபடி, இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வள்ளித்தாய் ஒரு ரூபாய் போனில் காசு போட்டுக்கொண்டிருந்தாள்.

சீனிச்சாமியின் சட்டைப் பையில் செல் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"சார், பேக்கரி பொன்னுத்தங்கம் பேசுதேன். பிள்ளைக திருப்பியும் வந்துருச்சுக சார், தொல்லை தாங்கல. சீசன் முடியறதுக்குள்ள வேன் அனுப்பி வைங்க. இந்த மட்டம் கொஞ்சம் பெரிய வண்டியா அனுப்புங்க, பிள்ளைக ஜாஸ்தியாயிருச்சு!"