கூடுதலாக ஒரு பை

"கையில ஒரு பைதான் சார். இன்னொண்ணை லக்கேஜ்ல போடுங்க" என்றாள் விமான நிலைய கவுன்ட்டர் பெண்.

மகன் வீட்டுக்குக் கிளம்பியிருந்த கணக்கு வாத்தியார் அந்தச் சின்னப் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மூச்சு மெஷின்மா. தூக்கத்துல மூச்சு நின்னு போற வியாதிக்கு, காத்தை உள்ளே தள்ளும். இது பக்கத்துல இல்லேன்னா எனக்குப் பொட்டுத் தூக்கம் வராது."

"அப்படின்னா தனியா அனுமதி உண்டு. டாக்டர் லெட்டர் இருக்கா?"

நீட்டினார். படித்தவள் நிமிர்ந்தாள்.

"நோயாளி பேர் லேடீஸ் பேரா இருக்கே?"

"என் சம்சாரம்."

"அவங்க கூட வரலையா?"

"தவறி எட்டு மாசம் ஆச்சும்மா."

"அப்போ இது உங்களுக்கு எதுக்கு சார்?"

வாத்தியார் தயங்கினார். "பதினோரு வருஷம் பக்கத்துத் தலையணையில இது உஸ்ஸு உஸ்ஸுன்னு ஓடுச்சு. சத்தம் தாங்கலைன்னு தினமும் அவகிட்ட எரிஞ்சு விழுவேன். இப்போ மாஸ்க்கை அந்தத் தலையணை மேல வச்சு ஓட விட்டாத்தான் கண்ணு மூடுது."

அவள் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, 'மருத்துவ உபகரணம்' என்று அச்சடித்த அட்டையை எடுத்து அந்தப் பையில் கட்டினாள்.