காத்திரு என்ற கட்டளை

“இருபத்தி மூணு… உள்ள வாங்க!”

டோக்கன் மேசையிலிருந்து ஆயாம்மா இன்னாசியம்மாள் கூப்பிட்ட கூப்பாட்டில் ஞானராஜுக்குச் சுருக்கென்றது. கால் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்ற வரும் தீர்த்தம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலிருந்த டோக்கன் ஏழு.

நாலு நாளாக இதே கூத்துதான்.

மொரப்பூர்ப் பக்கம் சிஸ்டர்மார் நடத்தும் தர்மாஸ்பத்திரி அது. கூட்டம் தாளவில்லை. “வரிசை சீக்கிரம் நகர ஏதாவது வழி சொல்லுங்களேன்” என்று டாக்டர் சிஸ்டர் கேட்டிருந்தார். ஞானராஜ் கம்பைநல்லூர்க்காரன். மெட்ராஸில் கம்ப்யூட்டரில் வேலை. 1974-இல் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டவன் அவன் ஒருத்தன்தான்.

அவனுக்கும் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. சிமுலா என்று ஒரு புதுக் கம்ப்யூட்டர் மொழி. அதைப் படித்துக்கொண்டிருந்தான். இந்த வரிசையையே புரோகிராமாக எழுதிப் பார்த்துவிடலாம் என்று காகிதமும் கையுமாக வந்து உட்கார்ந்துவிட்டான்.

‘நோயாளி’ என்று ஒரு தாய் வகை. பேர், டோக்கன், வந்த நேரம் எல்லாம் அதில். ‘குழந்தை’, ‘காய்ச்சல்காரர்’, ‘கட்டு மாற்ற வந்தவர்’ எல்லாம் அதன் பிள்ளை வகைகள். தாயிடம் இருப்பது பிள்ளைக்குத் தானாக வந்துவிடும், மறுபடி எழுத வேண்டியதில்லை. இதுவரை வெல்லம் மாதிரி இறங்கிவிட்டது.

அடுத்ததுதான் தொண்டையில் நின்றது. தாய் வகையில் உள்ள ஒரு கட்டளையை, அதே பேரில், பிள்ளை வகை வேறு விதமாகச் செய்யலாமாம். சொல்கிறவர் ஒரே சொல்லைத்தான் சொல்வார். கேட்கிறவர் அவரவர் வகைக்குத் தக்கபடி செய்வாராம்.

‘காத்திருன்னா காத்திருதான். அதுல ஆளுக்கொரு விதம் என்ன?’

எல்லாருக்கும் ஒரே ‘காத்திரு’ எழுதினான். கணக்குப்படி தீர்த்தம்மாள் ஒன்பதரைக்கு உள்ளே போயிருக்க வேண்டும். பன்னிரண்டு அடித்ததும் சிஸ்டர்மார் அவனைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், அவள் அப்போதுதான் காலைத் தாங்கித் தாங்கி உள்ளே போவாள். அவள் மட்டுமா? விடியலில் நடந்தே வந்து முதல் டோக்கன் வாங்கிய அஞ்சாறு பேருக்கும் அதே கதி. பஸ்ஸில் வந்திறங்கிய பண்ணைக்காரர் ராஜப்பனோ, இருபத்தி மூணை வைத்துக்கொண்டு பத்து மணிக்கே மருந்தோடு வெளியே வந்தார்.

“இன்னாசியம்மா இருக்கற வரைக்கும் நமக்கு என்னா கவலைங்க!” என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஞானராஜ் எழுந்தான்.

“ஏங்க்கா, ஏழு என்னாச்சு?”

“ஏழு இருக்கட்டும் தம்பி. எங்க போயிடப்போவுது?”

“வெள்ளை வேட்டிக்குத் தொறக்கற கதவு கந்தல் சேலைக்குத் தொறக்காதா?”

இன்னாசியம்மாள் முகம் ஒரு கணம் சுண்டியது. “அப்பிடியே எழுதிக்கங்க” என்றாள்.

எழுதினான். டாக்டர் சிஸ்டர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அவங்களுக்குப் புருசன் இல்ல, புள்ள இல்ல. இந்த வேலை போனா வேற போக்கிடம் இல்ல. நிச்சயமாத்தான் சொல்றீங்களா?”

“கணக்கு பொய் சொல்லாதுங்க சிஸ்டர்.”

“சரி. நாளைக்கு நீங்களே கூப்பிட்டுப் பாருங்க. கணக்கு ஒத்து வந்துட்டா அவங்கள அனுப்பிடறேன்.”

மறுநாள் ஞானராஜ் கூப்பிட்டான். ஒன்று, இரண்டு, மூன்று… நம்பர் பிசகவில்லை.

தீர்த்தம்மாளின் முறை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

“ஆயா, உங்களத்தான்!”

“எனக்கு என்னாங்க அவசரம்? அடுத்த ஆளக் கூப்புடுங்க.”

“அதெல்லாம் முடியாது. உங்க முறை, நீங்கதான் போவணும்.”

போனாள். புண்ணுக்குப் புதுக் கட்டோடு ஒன்பதே முக்காலுக்கே வெளியே வந்தாள். கணக்கு அச்சாக ஒத்துப்போனது. ஞானராஜுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பன்னிரண்டு மணி. இன்று டோக்கன் மேசையை விட்டு அவன் நகரவில்லை. சமையல்கட்டிலிருந்து ஒரு பெரிய அண்டாவைத் தூக்கி வந்து வாசலில் வைத்தார்கள். கேழ்வரகுக் கஞ்சி. காத்திருப்பவர்கள் களைத்துப்போவார்களே என்று உச்சிப் பொழுதில் ஊற்றுவது வழக்கமாம்.

நடந்து வந்தவர்கள் எல்லாம் எப்போதோ மருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது காத்திருந்தவர்கள் எல்லாம் பஸ்ஸில் வந்தவர்கள். “நமக்கெதுக்குங்க? வூட்ல கோழி அடிச்சிருக்குது” என்றார் ஒருவர்.

வேலிப் படலோரம் தீர்த்தம்மாள் இன்னும் நின்றிருந்தாள். ஞானராஜ் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு ஓடினான்.

“குடிங்க ஆயா.”

“வேணாங்க. காத்திருக்கறவங்களுக்குத்தானுங்களே கஞ்சி? என்னியதான் அப்பவே பாத்து அனுப்பிட்டாங்களே. நான் மருந்துக்கு வந்தவங்க, கஞ்சிக்கு வந்தவ இல்ல.”

சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் வெயிலில் நடந்தாள்.

அவன் கிண்ணத்தோடு நின்றான். எல்லாருக்கும் ஒரே ‘காத்திரு’தான். ராஜப்பனுக்கு அது தொல்லை. தீர்த்தம்மாளுக்கு அது சாப்பாடு. நாலு நாள் முட்டிமோதியும் புரியாதது ஒரு நொடியில் புரிந்தது. புரிந்த சந்தோஷம் மட்டும் வரவில்லை.

கொல்லைப்பக்கம் இன்னாசியம்மாள் தன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இப்படி எழுதியிருப்பேனா? ஏன் சொல்லல?”

“சொன்னா அதையும் எழுதுவீங்களே தம்பி. யாரெல்லாம் வூட்ல பட்டினின்னு அவங்க பேரு காயிதத்துல ஏறிடும். நான் ஓரவஞ்சனைக்காரின்னே இருந்துட்டுப் போறேன்… அதுல என் ஒருத்தி பேருதானே கெடும்?”